தடை நீங்கிய நாட்டுக்குக் கொழும்பிலிருந்து விமானச் சேவை தொடங்குவது எப்படி?

ஒரு நாட்டின் மீதான பொருளாதாரத் தடை நீங்கியது என்று செய்தி வந்த மறுநாளே கொழும்பில் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிடும். தேயிலை ஏற்றுமதியாளர், ஸியாரத் (புனிதத் தல யாத்திரை) குழுக்களை அழைத்துப் போகிறவர், அங்கே தொழில் பார்க்கும் பிள்ளையின் தாய் என எல்லோரும் நேரடி விமானம் எப்போது என்றுதான் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அறிவிப்புக்கும் முதல் விமானத்துக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. எதை முந்திச் செய்வது, எதைப் பிந்திச் செய்வது என்ற ஒழுங்கு பிழைத்தால் விமானமோ பணமோ பயணியோ அந்தப் பக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி விமானக் கொம்பனிகளின் திட்டமிடல் பிரிவினர், பொது விற்பனை முகவர்கள், சரக்கு அனுப்புவோர், டிக்கெட் முகவர்கள் ஆகியோருக்கானது. முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: போகும் ஏற்பாட்டுக்கு முன்னர் திரும்பும் ஏற்பாட்டை முடித்துவிடுங்கள்.

எந்தத் தடை, யாருடைய தடை?

"தடை நீங்கியது" என்ற செய்தியை வைத்து எதையும் தொடங்க வேண்டாம். மூலப் பத்திரத்தை எடுங்கள். தடைகள் பொதுவாக மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா. இலங்கையில் சட்டமாக நடைமுறைக்கு வருவது ஐ.நா. தடைதான். 1968-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் ஒழுங்குவிதிகளாக அது வெளியாகும். மற்ற இரண்டும் நம் சட்டமல்ல. ஆனாலும் விமானத்தின் எஞ்சின், குத்தகைக்காரர், காப்புறுதி, டொலர் ஆகிய நான்கு வழியாகவும் அவை கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவின் ஓடுபாதை வரைக்கும் வந்து சேரும்.

அடுத்து, அந்தப் பத்திரத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். நிறுத்திவைத்தல், நீக்குதல், உரிமம் வழங்குதல் மூன்றும் மூன்று வேறு விடயங்கள். லொக்கர்பியில் பயணிகள் விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட வழக்கின் பேரில் லிபியா மீது 1992-இல் விதிக்கப்பட்ட விமானத் தடை 1999 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது. முற்றாக நீங்கியது 2003 செப்டெம்பரில். அந்த நான்கரை ஆண்டும் அங்கே பறந்தவர்கள் தடை எந்த நாளிலும் மீளலாம் என்ற கணக்கோடுதான் பறந்தார்கள். ஈரான் விடயத்தில் அது மீண்டே விட்டது. 2016 ஜனவரியில் தளர்ந்த அமெரிக்கத் தடை 2018-இல் திரும்பியது. ஐ.நா. தடை 2025 செப்டெம்பர் இறுதியில் திரும்பியது. 2016 ஏப்ரலில் பாரிஸ்–டெஹ்ரான் சேவையை எயார் பிரான்ஸும், செப்டெம்பரில் லண்டன்–டெஹ்ரான் சேவையை பிரிட்டிஷ் எயார்வேஸும் மீண்டும் தொடங்கின. 2018 செப்டெம்பரில் இரண்டுமே வருமானம் போதவில்லை என்று விலகிக்கொண்டன.

கியூபா வேறு வகை. அமெரிக்காவும் கியூபாவும் 2016 பெப்ரவரி 16-இல் உடன்பாடு கண்டன. ஹவானாவுக்கு நாளொன்றுக்கு 20, மற்ற ஒன்பது விமான நிலையங்களுக்குத் தலா 10 என மொத்தம் 110 சேவைகளுக்கு இடம் கிடைத்தது. முதல் விமானம் அந்த ஓகஸ்ட் 31-இல் போர்ட் லோடர்டேலிலிருந்து சாண்டா கிளாராவுக்குப் போனது. ஆனால் விமானம் பறக்க அனுமதி வந்தபோதும் சுற்றுலா போக அனுமதி வரவில்லை. பன்னிரண்டு வகைக் காரணங்களில் ஒன்றின் கீழ் வருகிறேன் என்று ஒவ்வொரு பயணியும் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே சில்வர், ஃப்ரொன்டியர், ஸ்பிரிட் ஆகிய மூன்றும் கியூபாவை விட்டு வெளியேறின. கேட்டு வாங்கிய இடங்கள் அதிகம், ஏறிய பயணிகள் குறைவு. தொடக்கத்தில் வாரம் இரண்டு விமானத்துக்கு மேல் போட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நாட்டின் மீதான தடை நீங்கினாலும் தனி நிறுவனங்கள் மீதான தடை இருக்கலாம். 2016-இல் ஈரான் எயார் அமெரிக்கப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. மஹான் எயார் உள்ளேயே இருந்தது. எனவே அங்கே நீங்கள் பணம் கொடுக்கப்போகும் ஒவ்வொருவரையும் பெயர் பெயராகப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள்: விமான நிலையத்தை நடத்துபவர், தரைச் சேவையாளர், எரிபொருள் விற்பவர், உணவு வழங்குபவர், பணியாளர் தங்கும் ஹோட்டல், விற்பனை முகவர், ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள உரிமையாளர். பட்டியலில் உள்ளவருக்கு 50 வீதமோ அதற்கு மேலோ சொந்தமான நிறுவனம், அதன் சொந்தப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், அமெரிக்க விதிப்படி தடைக்குள் வரும். ஹோட்டலை யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் பல தடவை அங்கேதான் கிடக்கும்.

ஒப்பிட்ட திகதியோடு எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள். அமெரிக்க நிதித் திணைக்களத்தின் தடைப் பிரிவான ஒஃபாக் ஆவணம் காக்க வேண்டிய காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து பத்தாக 2025 மார்ச் 12 முதல் கூட்டியிருக்கிறது. பத்து ஆண்டு என்றே கணக்கு வையுங்கள்.

இரு நாட்டு உடன்படிக்கை

1944-ஆம் ஆண்டின் சிக்காகோ சாசனத்தின் 6-ஆம் உறுப்புரைப்படி, மற்ற நாட்டின் விசேட அனுமதியின்றி அட்டவணைச் சேவை நடத்த முடியாது. அந்த அனுமதியைத் தருவது இரு தரப்பு விமானச் சேவை உடன்படிக்கை. நீண்ட தடையில் இருந்த நாட்டோடு பழைய உடன்படிக்கை ஒன்று பெரும்பாலும் இருக்கும், ஆனால் காலாவதியான உள்ளடக்கத்தோடு. கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் அதன் பிரதியையும் பின்னர் கையெழுத்தான குறிப்பாணைகளையும் கேட்டு வாங்கி நான்கு வாசகங்களைத் தேடுங்கள்: வருமானத்தை மாற்றத்தக்க நாணயத்தில் வெளியே எடுக்கும் உரிமை, எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் சுங்க விலக்கு, பாதுகாப்புத் தரச் சோதனை, மூன்றாம் நாட்டுக் கொம்பனியோடு குறியீட்டுப் பகிர்வு (ஒருவர் விமானத்தில் மற்றவரும் தன் பெயரில் டிக்கெட் விற்பது). முதலாவது இல்லையென்றால், திருத்தும்வரை மேலே போக வேண்டாம்.

பிறகு நியமனம். எந்தக் கொம்பனி பறக்கும் என்பதை அரசாங்கம் மற்ற அரசாங்கத்துக்கு இராஜதந்திர வழியில் எழுத்தில் அறிவிக்கும். அந்த நாட்டின் விமானம் கொழும்புக்கு வருவதானால் வெளிநாட்டு விமானச் சேவையாளர் அனுமதி வேண்டும். நடத்துநர் சான்றிதழ், பதிவு, வான்தகுதி, ஒலி, காப்புறுதி, பாதுகாப்புத் திட்டம் ஆகிய ஆவணங்கள் கேட்கப்படும். தடைக்காலத்தில் அந்த நாட்டுக் கொம்பனிகள் பல ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்புத் தடைப்பட்டியலில் சேர்ந்திருக்கும். அது பொருளாதாரத் தடையோடு சேர்ந்து நீங்காது; தனியாகவே சோதிக்க வேண்டும்.

விமானத்தைத் தெரிவு செய்தல்

எயார்பஸ் ஐரோப்பியத் தயாரிப்புத்தானே, அமெரிக்கத் தடை எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. கடுமையான தடையில் உள்ள நாடுகளைப் பொறுத்தவரை, ஒரு பொருளில் 10 வீதத்துக்கு மேல் அமெரிக்கப் பாகம் இருந்தால் அது அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வந்துவிடும். எயார்பஸ்களும் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. விமானத்தை அங்கே இறக்குவதும் "மீள் ஏற்றுமதி" என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதனால் தற்காலிகத் தங்கலுக்கு அனுமதி வேண்டும். 2016 ஜூலையில் ஈரானுக்காக ஒஃபாக் வெளியிட்ட பொது உரிமம் விமானம் அங்கே 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்றது. உங்கள் நாட்டுக்குப் பொருந்தும் உரிமத்தில் இப்படி ஏதும் எல்லை உண்டா என்று பாருங்கள். இருந்தால் பழுது வந்து தரித்து நிற்கும் விமானத்துக்கும் அதே மணிக்கூடு ஓடும்.

அடுத்தது குத்தகைக்காரர். இன்றைய விமானங்களில் பாதியளவு குத்தகையில் பறக்கிறது. குத்தகை ஒப்பந்தத்தில் "தடைசெய்யப்பட்ட நாடுகள்" என்று ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும். அந்தப் பட்டியல் பழைய திகதியில் உறைந்து நிற்கலாம். அரசாங்கம் தடையை எடுத்தாலும் ஒப்பந்தம் எடுக்காது. எழுத்துமூல ஒப்புதல் இன்றி ஒரு சோதனைப் பறப்புக்கூட வேண்டாம்.

குத்தகைக்காரரின் கை எவ்வளவு நீளும் என்பதைக் கொழும்பு கண்ணால் கண்டது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யக் கொம்பனிகளுடனான விமானக் குத்தகைகளை மார்ச் 28-க்குள் முடிக்கச் சொன்னது. அந்த ஜூன் 2-ஆம் திகதி கட்டுநாயக்கவிலிருந்து மொஸ்கோ புறப்படவிருந்த ஏரோஃபுளொட் ஏ330, அயர்லாந்துக் குத்தகை நிறுவனம் தொடுத்த வழக்கில் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் இட்ட தடையுத்தரவால் நின்றது. நின்ற காரணம் பழுதோ வானிலையோ அல்ல. ஆனாலும் பயணிகள் இறங்க வேண்டியிருந்தது. சில நாட்களில் உத்தரவு தளர்ந்து விமானம் போனது. ஆனால் ஏரோஃபுளொட் கொழும்புச் சேவையை நிறுத்திக்கொண்டு ஒக்டோபரில்தான் திரும்பியது. சுற்றுலாவை நம்பிக் கடன் வாங்கியிருந்த கரையோர ஊர்களுக்கு, அதுவும் நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்த அந்த ஆண்டில், அந்த மாதங்கள் எவ்வளவு கனத்தன என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே அங்கிருந்து இங்கே வரும் விமானமானாலும், புறப்படுமுன் அதன் உரிமையாளர் யார், பதிவு எங்கே, குத்தகை நடப்பில் உள்ளதா என்று முகவர் கேட்டே ஆக வேண்டும். ஒரே விமானத்துக்கு இரண்டு நாட்டுப் பதிவு கிடந்தால் வான்தகுதிச் சான்றிதழில் சந்தேகம் வரும். அதோடு காப்புறுதியும் ஆட்டம் காணும்.

காப்புறுதி

விமானக் காப்புறுதிப் பத்திரங்களில் ஏவிஎன் 111 என்ற தடை வாசகம் சேர்க்கப்பட்டிருக்கும். தடைச் சட்டத்தை மீறும் நிலை வந்தால் காப்புறுதியாளர் இழப்பீடு செலுத்தமாட்டார் என்பது அதன் சாரம். போர் ஆபத்துக் காப்புறுதி தனிப் பத்திரம். அதை ஏழு நாள் அறிவித்தலில் விலக்கிக்கொள்ளும் உரிமை காப்புறுதியாளருக்கு உண்டு. புவியியல் எல்லையும் தனியாக எழுதப்பட்டிருக்கும். தரகர் வாய்ச்சொல்லாக "பிரச்சினை இல்லை" என்பார். அது போதாது. நாட்டின் பெயர், விமான நிலையத்தின் பெயர், விமானப் பதிவு இலக்கம் மூன்றையும் குறிப்பிட்டு, விமானத்தின் உடல், பிறருக்கான பொறுப்பு, போர் ஆகிய மூன்று காப்புறுதிகளும் செல்லும் என்ற கடிதத்தை முன்னணிக் காப்புறுதியாளரிடமிருந்தே வாங்குங்கள். காப்புறுதி நிறுவனம் தனக்காக எடுக்கும் மீள்காப்புறுதி பெரும்பாலும் லண்டன் சந்தையில்தான் நிற்கிறது. உள்ளூர்க் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் மட்டும் கையில் இருந்தால் பயனில்லை.

எரிபொருள்: ஒரு கணக்கு

அங்கே எண்ணெய் போடலாமா என்பது மூன்று கேள்வி. விற்பவர் தடைப்பட்டியலில் உள்ளாரா? எண்ணெயின் தரச் சான்றும் நீர்ச் சோதனைப் பதிவும் உண்டா? பணம் எந்த வழியாகப் போகும்? மூன்றில் ஒன்றுக்கு விடையில்லை என்றால், திரும்புவதற்கான எண்ணெயையும் கொழும்பிலிருந்தே சுமக்க வேண்டும். சுமப்பது இலவசமல்ல.

கொழும்பிலிருந்து ஐந்தேகால் மணி நேரத் தூரத்துக்கு ஏ330-300 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் ஏறக்குறையவானவை, உங்கள் விமானத்தின் எடைக் கையேடே முடிவு சொல்லும். ஒரு வழிக்கு எரிவது 30 தொன். திரும்பவும் 30. இறுதி ஒதுக்கமும் மாற்று நிலையத்துக்கானதும் 6.5. மேலதிகமாகச் சுமக்கும் எண்ணெயில் மணிக்கு 3.5 வீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும்; 30 தொன்னுக்கு ஐந்தேகால் மணியில் அது 5.5 தொன். ஆக, புறப்படும்போது 72 தொன். தாங்கியின் கொள்ளளவு 97,530 லீட்டர், அதாவது 78 தொன் அளவில். கொள்ளும்.

இடிக்கும் இடம் இறங்கும் எடை. உச்ச இறங்கு எடை 187 தொன் என்றும் பணியாளர், உணவு உட்பட வெற்று எடை 124 தொன் என்றும் கொண்டால், இறங்கும்போது தாங்கியில் இன்னும் 36.5 தொன் கிடக்கும். மிஞ்சுவது 26.5 தொன். ஒருவருக்குப் பொதியோடு 100 கிலோ என்றால் 265 பயணிகள், சரக்கு ஒரு கிலோவும் இல்லை. வழக்கமாக அதே விமானம் 50 தொன் வரை ஏற்றும். அதாவது சுமையில் பாதி எண்ணெய்க்குப் போய்விடுகிறது. சரக்கு வருமானத்தை நம்பி டிக்கெட் விலையைக் குறைத்திருந்தால் அந்தக் கணக்கு அன்றே உடையும்.

மாற்று வழி, திரும்பும்போது வளைகுடாவில் எண்ணெய்க்காக இறங்குவது. கூடுதல் இறங்கு கட்டணமும் ஒரு மணி நேரத்துக்கு மேலான தாமதமும் உண்டு; பணியாளரின் கடமை நேரம் எல்லையைத் தொடும். இரண்டையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 2022-இல் கொழும்பில் ஜெட் எண்ணெய் இல்லாமல் நம் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போன அனுபவம் நம் திட்டமிடல் பிரிவினருக்குக் கைவசம் இருக்கிறது. அந்தக் கோப்புகளை எடுத்துப் பாருங்கள்.

பழுது வந்தால்

2018 டிசம்பர் 14-இல் டுபாயிலிருந்து ஒஸ்லோ போன நோர்வீஜியன் கொம்பனியின் புத்தம்புதிய போயிங் 737 மெக்ஸ், எஞ்சின் எண்ணெய்க் கோளாறால் ஈரானின் ஷிராஸில் இறங்கியது. பயணிகள் மறுநாள் வேறு விமானத்தில் போனார்கள். விமானம் கிளம்பியது 2019 பெப்ரவரி 22-இல். பழுது பெரிதல்ல, உதிரிப்பாகம் அமெரிக்கத் தடைக்குள் இருந்ததால் கொண்டுபோவது கடினமாயிற்று. அந்த விமானம் ஈரானுக்குப் போகவே இல்லை, மேலாகக் கடந்தது மட்டும்தான்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, உதிரிப்பாக அனுமதியை பழுது வருமுன்பே எடுத்துவைப்பது. பாக இலக்கங்களின் பட்டியலோடு விண்ணப்பிக்க வேண்டும். "தேவையான பாகங்கள்" என்று பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு, விமானத்தின் சரக்கறையிலேயே உதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோவது. அதில் பிரதான சில்லு ஒன்று, மூக்குச் சில்லு ஒன்று, பிரேக் தொகுதி ஒன்று, எஞ்சின் எண்ணெய்த் தகரங்கள், ஹைட்ரோலிக் எண்ணெய், எஞ்சின் இக்னைட்டர், இறங்கு விளக்குக் குமிழ்கள், அந்த விமானத்தின் பதிவேட்டில் அடிக்கடி வரும் கணினிப் பெட்டிகள், சில்லு மாற்றும் ஜக்கி, முறுக்குவிசைச் சாவி ஆகியவை இருக்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் வேண்டுமென்றால் அது ஆபத்தான பொருட்களின் விதிக்குள் வரும். பொதியிடலும் அறிவித்தலும் சரியாக இருக்க வேண்டும். பெட்டி அங்கே இறக்கப்பட்டுச் சுங்கத்துக்குள் போய்விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. எனவே விமானத்தை விட்டு அது இறங்கக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தையும் எண்ணி வாங்கிக் கொண்டுவாருங்கள். விட்டுவந்த பழைய பிரேக்கூட அனுமதியற்ற ஏற்றுமதியாகிவிடும்.

பொறியியலாளர் ஒருவர் உடன் பறக்க வேண்டும். வாலில் உள்ள துணை எஞ்சின் பழுதோடு விமானத்தை அனுப்ப குறைந்தபட்ச உபகரணப் பட்டியல் அனுமதிக்கும். இந்தத் தடத்துக்கு அனுமதிக்காதீர்கள். அங்கே காற்றழுத்தத்தால் எஞ்சினைக் கிளப்பும் வண்டி இல்லையென்றால், நல்ல எஞ்சின்கள் இரண்டோடும் விமானம் அசையாமல் நிற்கும். இழுவைக் கம்பி உங்கள் விமான வகைக்குப் பொருந்துமா என்பதும் அதேபோலத்தான். பல ஆண்டு பழைய விமானங்களை மட்டும் கையாண்ட நிலையத்தில் அது இருக்காது. முதல் விமானத்துக்கு முந்தி நிலையத்தை நேரில் போய்ப் பார்க்கும்போது இவற்றோடு தீயணைப்பு வகையையும் பாருங்கள் (ஏ330-300-க்கு 9 வேண்டும்). இறங்கு வழிகாட்டிக் கருவிகள் கடைசியாக எப்போது பறந்து சோதிக்கப்பட்டன என்ற பதிவையும் கேளுங்கள்.

வான்வழி

தடை நீங்கிய நாடுகளில் பல, அண்மையில் போர் நடந்த நாடுகள். தடை நீங்கியதால் வான் பாதுகாப்பாகிவிடாது. 2020 ஜனவரி 8-இல் டெஹ்ரானிலிருந்து எழுந்த உக்ரேன் விமானம் தவறுதலாகச் சுடப்பட்டு 176 பேர் மாண்டார்கள். அன்று அந்த விமான நிலையம் திறந்தே இருந்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் மோதல் வலய அறிவிப்புகள், அமெரிக்க விமான நிர்வாகத்தின் தடைகள், அந்த நாட்டின் நொடம்கள் (விமானிகளுக்கான அறிவித்தல்கள்) ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பறப்புக்கும் முன் படிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாரும் படிக்கமாட்டார்கள். ஜிபிஎஸ் குழப்பப்படும் பிரதேசத்தில் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மாற்று நிலையம் தடைக்குள் இல்லாத மூன்றாம் நாட்டில் இருக்கட்டும்.

நெரிசலான நிலையங்களில் இறங்கவும் புறப்படவும் தரப்படும் நேர ஒதுக்கீடு பற்றிச் சுருக்கமாக: கோடைப் பருவம் மார்ச் கடைசி ஞாயிறிலும் குளிர்காலப் பருவம் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் தொடங்கும். தந்த நேரத்தில் 80 வீதத்தைப் பயன்படுத்தினால்தான் அடுத்த ஆண்டும் அது உங்களுடையது. நிச்சயமற்ற தடத்துக்கு நெரிசலான நிலையத்தின் நேரத்தைக் கட்டிவைக்க வேண்டாம்.

பணம்

விமானம் நிரம்பிப் போய் நிரம்பி வந்தும் நட்டப்படலாம். அங்கே விற்ற டிக்கெட்டின் பணம் அங்கேயே கிடந்தால் அதுதான் நடக்கும். வெனிசுவேலாவில் விமானக் கொம்பனிகளின் 3.8 பில்லியன் டொலர் இப்படிச் சிக்கியதாக விமானக் கொம்பனிகளின் சர்வதேசச் சங்கமான அயாட்டா கணக்குச் சொன்னது. அங்கே முதலில் நிலவிய பிரச்சினை தடைகூட அல்ல, டொலர் பற்றாக்குறை. தடையிலிருந்து எழும் நாட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எனவே முதல் பருவத்தில் விற்பனையின் பெரும்பங்கைக் கொழும்பிலும் மூன்றாம் நாடுகளிலும் வையுங்கள். அந்தப் பக்க விற்பனைக்கு ஓர் உச்ச வரம்பு இடுங்கள்: அங்கே உள்ளூர்ப் பணத்தில் நீங்கள் செலவழிக்கப்போகும் தொகை எவ்வளவோ அவ்வளவு. இறங்கு கட்டணம், தரைச் சேவை, ஹோட்டல், உணவு எல்லாம் அந்தப் பணத்திலேயே தீர்ந்துவிடும். மாற்ற வேண்டிய மிச்சம் சிறிதாகும். வாரம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். மாத முடிவு வரை விட்டால் நாணய மதிப்பு இறங்கிவிடும்.

கொழும்பிலுள்ள உங்கள் வங்கியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த நாட்டுப் பெயர் உள்ள கொடுப்பனவை உங்கள் நியூயோர்க் தொடர்பு வங்கி ஏற்குமா? ஏற்காவிட்டால் யூரோவிலோ திர்ஹாமிலோ வேறு வழி உண்டா? எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டம் அனுமதித்தும் வங்கி மறுப்பது சாதாரணமாக நடக்கிறது. வங்கிக்கு அந்தச் சிறு தரகுப் பணத்தைவிடத் தன் டொலர் தொடர்பு பெரிது. சிறிய தொகையொன்றைச் சோதனையாக அனுப்பி, அது போய்ச் சேர்ந்து ரசீது வந்த பிறகே டிக்கெட் விற்பனையைத் திறவுங்கள்.

சரக்கு

ஈரான், ஈராக், சிரியா, லிபியா, ரஷ்யா எல்லாம் இலங்கைத் தேயிலை குடிக்கும் நாடுகள். தேயிலை மொத்தமாகப் போவது கப்பலில். விமானத்தில் போவது மாதிரிகளும் ஆவணங்களும், மரக்கறி, மீன், தைத்த ஆடை போன்றவையும். இவற்றில் சிக்கல் குறைவு. சிக்கல் கொழும்பில் கைமாறும் பொருட்களில் இருக்கிறது: வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே விமானம் மாறி அங்கே போகும் மின்னணுப் பாகங்கள், இயந்திர உதிரிகள், தொலைத்தொடர்புச் சாதனங்கள். பல பொதிகளை ஒன்றாகக் கட்டி ஒரே தலைமைப் பட்டியலில் "உதிரிப்பாகங்கள்" என்று எழுதி வந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பொதிக்குமான பட்டியல், சுங்கக் குறியீடு, இறுதிப் பாவனையாளரின் பெயர் மூன்றும் வேண்டும். அவசரம் அவசரம் என்று விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் வரும் பொதியை அடுத்த விமானத்துக்குத் தள்ளுங்கள்.

பயணிக்குச் சொல்ல வேண்டியவை

டிக்கெட் முகவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதிக்கப்படுவது நம் சொந்தங்கள். பிரித்தானிய, பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசா இல்லாமல், இணைய அனுமதியோடு மட்டும் அமெரிக்கா போகலாம். ஆனால் 2011 மார்ச் 1-க்குப் பின் ஈரான், ஈராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, யேமன், வட கொரியா ஆகியவற்றில் ஒன்றுக்குப் போயிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். கியூபாவுக்கு அந்தத் திகதி 2021 ஜனவரி 12. தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போய் முறையான விசா எடுக்க வேண்டும். லண்டனிலிருந்து விடுமுறைக்குக் கொழும்பு வந்த மருமகன் குடும்பத்தோடு ஸியாரத் போய்வந்து, அடுத்த மாதம் நியூ ஜேர்சியில் சகோதரியின் கலியாணத்துக்குப் போக முடியாமல் நிற்பார். தடை நீங்கினாலும் இந்த விதி தன்பாட்டில் நீங்காது. டிக்கெட் போடுமுன் ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள்.

கடவுச்சீட்டில் இஸ்ரேல் வேலை விசா ஒட்டியிருந்தால் ஈரான் போன்ற நாடுகள் நுழைய விடாது. பராமரிப்பு வேலைக்குப் போய்வந்த பலரிடம் அந்தக் கடவுச்சீட்டே உள்ளது. நுழைய மறுக்கப்பட்டவரைத் திருப்பிக் கொண்டுவருவது விமானக் கொம்பனியின் பொறுப்பாகும் என்பதால், கட்டுநாயக்க செக்-இன் மேசையில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கடன் அட்டை அங்கே வேலை செய்யாது என்று நினைத்தே பணம் கொண்டுபோகச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதியில் அந்த நாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தின் விலக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

நிறுத்தும் திட்டம்

தொடங்கும் திட்டத்தோடு ஒரே நாளில் இதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தடை மீண்டால், வான்வழி மூடினால், காப்புறுதி ஏழு நாள் அறிவித்தல் தந்தால், யார் எந்த மணிக்கு முடிவெடுப்பார்? அங்கே உள்ள பயணிகளை ஏற்றிவர எந்த மூன்றாம் நாட்டுக் கொம்பனியோடு முன்னேற்பாட்டு ஒப்பந்தம் உண்டு? முற்பதிவுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போதிய தொகை கொழும்புக் கணக்கில் இருக்கிறதா? விற்ற டிக்கெட் பணத்தைப் பயணம் முடியும்வரை தொடாமல் வைத்தால் இதற்கு வழி பிறக்கும்.

அங்கே பணிபுரியும் நிலைய முகாமையாளருக்கு நிரந்தரக் கட்டளை ஒன்று வேண்டும். ஒவ்வொரு விமானமும் புறப்படுமுன் அன்றைய இறங்கு கட்டணம், எண்ணெய், தரைச் சேவைக் கணக்குகள் தீர்ந்து ரசீது கையில் இருக்க வேண்டும். நிலுவை வைத்துவிட்டு எழும் விமானத்தை அடுத்த முறை இறங்கும்போது பிடித்துவைப்பார்கள். அந்த ரசீதுகளின் பிரதி விமானத்தோடு கொழும்புக்கு வரட்டும். மூலப் பிரதியை நிலையத்திலும் வையுங்கள். உதிரிப் பெட்டியின் பட்டியலை விமானியும் பொறியியலாளரும் கதவு மூடுமுன் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.